கீமோ கொடுத்தால் தோல் ஏன் கருக்கிறது?

புற்றுநோய்க்கான கீமோவில் இரண்டு, மூன்று ஊசி முடிந்ததும், முடி உதிர்வுக்கு அடுத்தபடியாகப் பலர் கண்ணில் படுவது தோலின் நிறம் மாறுவதுதான். உள்ளங்கை ரேகைகள் கருக்கின்றன. நகத்தில் பட்டை பட்டையாக நிறம் ஏறுகிறது. சொட்டு ஏற்றிய கையில் நரம்பு ஓடும் வழியெல்லாம் கரும்பழுப்பாகக் கோடு விழுகிறது. சிலருக்கு முகம், நெற்றி, நாக்குகூடக் கருத்துவிடுகிறது. முடி கொட்டும் என்று எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். தோல் கருக்கும் என்று சொல்பவர்கள் குறைவு.

யாரும் சொல்லாததால் வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு விளக்கம் கண்டுபிடிக்கிறார்கள். "ரத்தம் கெட்டுப்போச்சு" என்பார் ஒருவர். "மருந்துச் சூடு வெளியே வருது" என்பார் இன்னொருவர். ஈரல் பழுதாகிவிட்டது, நோய் தோலுக்கும் பரவிவிட்டது என்றெல்லாம் பயம் வளரும். வார்டில், "சிஸ்டர், ஏன் இப்படிக் கருத்துப்போச்சு?" என்று கேட்டால், "அதெல்லாம் அப்படித்தான்மா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை, பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் நோயாளிக்கு அது போதாது. இன்று கீமோவில் ஒரு பகுதி மாத்திரையாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. கை கருப்பதைப் பார்த்துப் பயந்து, யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். மருந்துக்கடையில் ஏதோ ஒரு வெளுப்பு க்ரீமை வாங்கித் தடவிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே அந்தக் கருமையைவிடப் பெரிய ஆபத்து. அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

தோலுக்குள் நடப்பது

தோலின் மேலடுக்கில் அடிவரிசையில் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்கு மெலனின் என்ற நிறமியைச் சிறு சிறு துகள்களாக அனுப்பிக்கொண்டே இருக்கும். வெள்ளைத் தோல்காரருக்கும் நமக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. நம்முடையவை கூடுதலாக வேலை செய்கின்றன, அனுப்பும் துகள்களும் பெரியவை, அவ்வளவுதான். கொசுக்கடி, பரு, அடுப்படியில் எண்ணெய் தெறித்த புண் எல்லாம் நம் தோலில் மாதக்கணக்கில் கருந்தழும்பாக நிற்பது இதனால்தான். எந்தச் சீண்டலுக்கும் இந்தத் தோல் கூடுதல் மெலனினைத்தான் பதிலாகத் தருகிறது.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுச்செல் அப்படிப் பெருகுவது. முடியின் வேர், வாயின் உட்பகுதி, குடல், எலும்பு மஜ்ஜை, நகம் முளைக்கும் இடம், தோலின் அடிவரிசை ஆகியவையும் அப்படித்தான். அடி இவற்றின் மேலும் விழுகிறது. அந்த அடி தோலில் நிறமாக வெளிப்படுவதற்குப் பல வழிகள் உண்டு. சில மருந்துகள் நிறமிச் செல்லை நேராகவே தூண்டிவிடுகின்றன. வலி, அரிப்பு எதுவும் இல்லாமலே நிறம் ஏறும். சில மருந்துகள் முதலில் தோலைப் புண்ணாக்கும், புண் ஆறும்போது கருப்பு மிஞ்சும். சில மருந்துகள் வியர்வையோடு வெளியேறி, வியர்வை தேங்கும் இடத்தில் தோலைத் தீண்டும். இன்னும் சில, ஏற்றப்படும் நரம்பின் சுவரை அரித்து, மேலே இருக்கும் தோல்வரை எட்டிவிடும். மெலனின் உற்பத்தியை முடுக்கும் டைரோசினேஸ் என்ற நொதியை அடக்கி வைக்கும் பொருட்களைச் சில மருந்துகள் குறைத்துவிடுகின்றன என்ற விளக்கமும் உண்டு. இவற்றில் எதிலும் "கெட்ட ரத்தம்" என்பதற்கு இடமே இல்லை.

கீமோவின் பூர்வீகத்திலேயே இந்தக் கருமை இருக்கிறது. 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்தருகே ஜெர்மன் படை முதன்முறையாக மஸ்டர்ட் என்ற விஷவாயுவை ஏவியது. அந்த வாயு பட்டுப் பிழைத்தவர்களுக்குக் கொப்புளம் ஆறிய இடங்களில் தோல் கருத்து நின்றது. 1980-களில் ஈரான்-இராக் போரில் அதே வாயுவுக்கு ஆளானவர்களிடமும் இது பதிவாகியிருக்கிறது. அந்த வாயுவின் நெருங்கிய உறவான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நவீன கீமோவின் கதை அங்கேதான் தொடங்குகிறது. மார்பகப் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படும் சைக்ளோபாஸ்பமைடு அதே குடும்பத்து மருந்து. நகத்தையும் உள்ளங்கையையும் கருக்கவைக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

எந்த மருந்து, எந்த இடம்

கருப்பது என்றால் உடம்பெல்லாம் ஒரே மாதிரி கருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு மருந்தும் தனக்கென்று இடம் வைத்திருக்கிறது. பழக்கப்பட்ட கண்ணுக்கு, நோயாளியின் கையைப் பார்த்தே என்ன மருந்து போகிறது என்று ஓரளவு ஊகிக்க முடியும்.

ஃப்ளூரோயுராசில் என்பது 1957-ல் அறிமுகமான மருந்து. குடல், இரைப்பைப் புற்றுகளுக்கு இன்றும் முதுகெலும்பு போன்றது. முன்கையில் ஊசி போட்ட இடத்திலிருந்து மேல்நோக்கி, நரம்பு எப்படி வளைந்து போகிறதோ அதே வளைவில் கருங்கோடு விழுவது இந்த மருந்தின் அடையாளம். 1976-லேயே மருத்துவ இதழில் இதை விவரித்து எழுதிவிட்டார்கள். மருந்து போகும்போது நரம்பின் உட்சுவர் கொஞ்சம் பாதிக்கப்படுகிறது, மேலே இருக்கும் தோலின் நிறமிச் செல்கள் அதற்கு எதிர்வினை காட்டுகின்றன. நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் எனப்படும் சிறு கருவியை வைத்து, அதன் வழியாக ஏற்றும்போது மருந்து நேராக இதயத்துக்கருகே உள்ள பெரிய ரத்தக்குழாய்க்குப் போய் நீர்த்துவிடுவதால் கையில் இந்தக் கோடு விழுவதில்லை. போர்ட் வைக்கச் செலவாகும். அதனால் ஒவ்வொரு முறையும் கையிலேயே நரம்பு தேடிப் போடப்படுகிறவர்கள்தான் இந்தக் கோட்டை அதிகம் பார்க்கிறார்கள். கோட்டில் வலி இல்லை, வீக்கம் இல்லை, தொட்டால் கயிறு போலக் கெட்டியாக இல்லை என்றால் அது நிறம் மட்டும்தான். நரம்பு செத்துப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

பிளியோமைசின் வேறு மாதிரி. ஜப்பானில் ஹமாவோ உமேசாவா குழுவினர் 1960-களில் கண்டுபிடித்த மருந்து இது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுக்கும் விதைப்பைப் புற்றுக்கும் கொடுப்பார்கள், இரண்டுமே இளம் வயதினரை அதிகம் தாக்கும் நோய்கள். முதுகு, தோள், மார்பு ஆகிய இடங்களில் சாட்டையால் அடித்தது போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கருங்கோடுகள் எழும். அதற்கு முன் பெரும்பாலும் அரிப்பு இருக்கும். கல்லூரிப் பையன் சட்டையைக் கழற்றும்போது முதுகில் இதைப் பார்க்கும் அம்மாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அதிர்ச்சியைத் தவிர்த்திருக்கலாம். இதற்குக் காரணமும் தெளிவாகத் தெரிந்ததுதான். பிளியோமைசினை முறித்துப்போடும் நொதி தோலிலும் நுரையீரலிலும் மிகக் குறைவு, ஆகவே மருந்து இந்த இரண்டிலும் தங்கிவிடுகிறது. இந்த மருந்து எடுப்பவர் கோடுகளைவிட வறட்டு இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும்தான் அதிகம் கவனம் கொடுக்க வேண்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் கொடுக்கப்படும் தியோடெப்பா வியர்வையோடு வெளியே வரும். ஊசி பிரியாமல் இருக்க ஒட்டிய பிளாஸ்திரி, இசிஜி எடுக்க ஒட்டிய வட்டப் பட்டை ஆகியவற்றுக்குக் கீழே அந்த வியர்வை தேங்கினால், பட்டையின் அதே வடிவத்தில் தோல் கருத்துவிடும். அதனால்தான் அந்த வார்டுகளில் நோயாளியை ஒரே நாளில் பலமுறை குளிப்பாட்டி, விரிப்பை மாற்றி, கட்டுகளைப் பிரித்து மாற்றுகிறார்கள். காரணம் தெரியாத வீட்டுக்காரர்களுக்கு, சோர்ந்து கிடப்பவரை ஏன் இப்படிப் படுத்துகிறார்கள் என்று கோபம்கூட வரும்.

அடுத்து நகம். மார்பகப் புற்று நோயாளிகள் "சிவப்பு மருந்து" என்று சொல்லும் டாக்சோரூபிசின், நகம் முளைக்கும் வேரில் நிறமிச் செல்களைத் தூண்டுகிறது. ஒவ்வொரு ஊசிக்கும் நகத்தில் குறுக்காக ஒரு கரும்பட்டை பிறக்கிறது. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். 21 நாளுக்கு ஒருமுறை ஊசி என்றால் பட்டைகளுக்கு நடுவில் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கட்டைவிரல் நகத்தைக் கூர்ந்து பார்த்தால், நுனிப்பக்கம் இருப்பது முதல் ஊசி, வேர்ப்பக்கம் இருப்பது கடைசி ஊசி. சிகிச்சை முடிந்தபின் வேரிலிருந்து சுத்தமான நகம் முளைத்து, பட்டைகளை நுனியை நோக்கித் தள்ளிக்கொண்டே போய், வெட்டும்போது ஒவ்வொன்றாக விழுந்துவிடும். சிலருக்குப் பட்டை வெள்ளையாக இருக்கும், அதுவும் இதே கதைதான். டோசிடாக்சல், பேக்ளிடாக்சல் ஆகியவற்றால் நகம் கருப்பதோடு தளர்ந்து தூக்கிக்கொள்வதும் உண்டு. டோசிடாக்சல் ஏறும் நேரத்தில் உறையவைத்த கையுறை போட்டுக்கொண்டால் நகப் பாதிப்பு குறைகிறது என்று 2005-ல் பிரெஞ்சு ஆய்வொன்று காட்டியது. சிவப்பு மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ போகும். அது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல.

கைரேகை காணாமல் போகும்போது

கேப்சைட்டபின் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. உடம்புக்குள் போய் ஃப்ளூரோயுராசிலாக மாறும். மார்பகம், குடல், இரைப்பைப் புற்றுகளுக்குக் கொடுக்கிறார்கள். வழக்கமாகக் காலை, மாலை என்று 14 நாள் சாப்பிட்டு 7 நாள் இடைவெளி விடுவார்கள். ஆஸ்பத்திரி வாசமே இல்லாமல் வீட்டிலேயே நடக்கும் கீமோ என்பதால் நோயாளிகளுக்கு இது பெரிய நிம்மதி. அந்த நிம்மதியிலேயே சிக்கலும் இருக்கிறது. தினமும் பார்த்துச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

இந்த மாத்திரையை எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் பாதிக்கப்படுகின்றன. முதலில் ரேகைகளில் கருமை ஓடும், பிறகு திட்டுத்திட்டாகப் பரவும். மதமதப்பு, எரிச்சல் வரும். தோல் மினுமினுவென்று மெலிந்து, உரிந்து, வெடிக்கும். முற்றினால் கொப்புளம் கட்டி, பாத்திரம் தேய்க்கவும் செருப்புப் போடவும் முடியாமல் போகும். உள்ளங்கையும் பாதமும் ஓயாமல் அழுத்தத்தையும் உராய்வையும் தாங்கும் இடங்கள். மருந்தை வீரியமுள்ளதாக மாற்றும் நொதி உள்ளங்கைத் தோலில் கூடுதலாக இருப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இப்படி உரிந்து உரிந்து விரல் நுனியின் ரேகையே மழுங்கிவிடும். 2008 டிசம்பரில் சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவர் உறவினர்களைப் பார்க்க அமெரிக்கா போனார். விமான நிலையக் கருவியில் விரல் வைத்தால் ரேகையே பதியவில்லை. அவர் பரவிய தொண்டைப் புற்றுக்காகக் கேப்சைட்டபின் எடுத்துக்கொண்டிருந்தவர். நாலு மணி நேரம் நிறுத்தி வைத்து விசாரித்த பிறகே உள்ளே விட்டார்கள். அவருடைய மருத்துவர் 2009-ல் இதை மருத்துவ இதழில் கடிதமாக எழுதி, இந்த மருந்தை எடுப்பவர்கள் பயணம் போகும்போது மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

நம் ஊரில் இதற்கு விமான நிலையம்வரை போகத் தேவையில்லை, ரேஷன் கடை போதும். கருவியில் விரலை மாற்றி மாற்றி வைத்தும் பதியாமல், பின்னால் வரிசை முணுமுணுக்க நிற்பவரிடம் "கையை நல்லா துடைச்சிட்டு வைங்கம்மா" என்பார்கள். துடைத்தால் வருவதற்கு அங்கே ரேகை இருந்தால்தானே? ஆதார் சரிபார்ப்புக்கு விரல் ரேகை ஒன்றே வழியல்ல. கருவிழிப் பதிவு, முகப் பதிவு, கைபேசிக்கு வரும் ஓடிபி ஆகியவையும் அதே அமைப்பில் ஏற்கப்பட்டவை. மத்திய அரசு ஓய்வூதியதாரர்கள் உயிர்வாழ்வுச் சான்றை முகப் பதிவிலேயே கொடுக்க 2021-ல் வழி செய்யப்பட்டது. மாத்திரையைத் தொடங்கும் முன்பே கைபேசி எண் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. மருந்தை நிறுத்திச் சில வாரங்களில் ரேகை பெரும்பாலும் திரும்பி வரும்.

இதைத் தடுக்கும் முயற்சியில் நம் நாட்டிலேயே நல்ல ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. மூட்டு வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் 1% ஜெல்லைக் கேப்சைட்டபின் எடுப்பவர்களின் கையில் தடவிப் பார்த்தார்கள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள். 264 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2024-ல் வெளியானது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம் பேருக்கு நடுத்தர அல்லது கடும் கை-கால் பாதிப்பு வந்தது. டைக்ளோஃபெனாக் தடவியவர்களில் அது 3.8 சதவீதம். மலிவான, எங்கும் கிடைக்கிற ஜெல். ஆனாலும் சிறுநீரகம், வயிறு போன்றவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதால் உங்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். காலம்காலமாக எழுதித் தரப்படும் பி6 வைட்டமின் மாத்திரையோ, முறையான ஆய்வுகளில் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை.

சிவப்பைத் தேடும் பாடப்புத்தகம்

கை-கால் பாதிப்பின் முதல் அறிகுறி "சிவத்தல்" என்றுதான் பாடப்புத்தகங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத் தோலிலும் கருப்புத் தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது, கருமைதான் தெரியும். ஆக, கேப்சைட்டபின் எடுக்கும் ஒரு தமிழ்ப் பெண் "உள்ளங்கை கருக்குது டாக்டர்" என்று சொன்னால், புத்தகம் எதைச் சிவத்தல் என்கிறதோ அதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதை அழகு பற்றிய கவலை என்று ஒதுக்கினால், அடுத்த முறை அவர் வெடித்த பாதத்தோடு நொண்டிக்கொண்டு வருவார்.

இன்னொன்று எனக்கு உறுத்துவது, பக்கவிளைவுகளை அளக்கும் அளவுகோல். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வகுத்த பட்டியலைத்தான் உலகம் முழுக்க மருந்து ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள். பொதுவாக எந்தப் பக்கவிளைவுக்கும் 1 முதல் 5 வரை படிகள். 3 என்றால் கடுமையானது, 5 என்றால் மரணம். தோல் கருத்தலுக்கோ இரண்டே படிகள். உடம்பில் 10 சதவீதத்துக்குள் கருத்து, மனதைப் பாதிக்காமல் இருந்தால் 1. அதற்கு மேல் பரவி, மனதையும் பாதித்தால் 2. அதோடு முடிந்தது. முகம் முழுக்கக் கருத்து வெளியே தலைகாட்டவே மறுக்கும் ஒருவருடைய துயரமும் அந்தக் கணக்கில் "கடுமை" என்ற கட்டத்துக்கு வரவே வராது. உயிரைப் பறிக்காத ஒன்றை உயிர் பறிக்கும் விளைவுகளோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது என்ற நியாயம் புரிகிறது. ஆனால் கட்டத்தில் இல்லாததை மருத்துவர் கேட்பதில்லை, மருத்துவர் கேட்காததை நோயாளி சொல்வதில்லை.

நம் சமூகத்தில் இதன் பாரம் கொஞ்சமல்ல. நோயை உறவுகளிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். முடிக்கு விக் வைத்துவிடலாம். "என்னம்மா இப்படிக் கருத்துட்டே?" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்கும் பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பந்தியில் உட்காரும் பெண்ணைக் கேட்டால் தெரியும், இது வெறும் அழகுப் பிரச்சினையா இல்லையா என்று. கருப்பு குறைவானது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்ட ஊரில், மருந்து கொடுத்த கருப்பையும் அவள்தான் சுமக்கிறாள்.

வெளுக்கவைக்கும் மருந்துகளும் உண்டு

நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றுக்கு ஒரு காலத்தில் புசல்ஃபான் மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்கு உடல் முழுக்க வெயிலில் காய்ந்தது போலக் கருமை படரும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி பழுதானவர்களின் நிறத்தை ஒத்திருக்கும் என்பதால் மருத்துவர்களே குழம்பியதுண்டு. 2001-ல் அதே நோய்க்கு இமாடினிப் வந்தது, நோயின் வரலாற்றையே மாற்றியது. அது தோலை வெளுக்கவைத்தது. நிறமிச் செல் உயிரோடு இயங்கத் தேவையான கிட் என்ற சமிக்ஞையையும் அந்த மருந்து அடைத்துவிடுவதே காரணம். கருத்த தோலில் இது பளிச்சென்று தெரியும். சிறுநீரகப் புற்றுக்கான சுனிடினிப்பிலோ, 4 வாரம் மருந்து, 2 வாரம் ஓய்வு என்ற கணக்கில் எடுக்கும்போது முடி வெள்ளையும் கருப்புமாக மாறி மாறி முளைக்கும். மருந்தே மஞ்சள் நிறம் என்பதால் தோலும் மஞ்சளாகும். மெலனோமா என்ற தோல் புற்றுக்கு நோய் எதிர்ப்பு சிகிச்சை எடுப்பவர்களில் சிலருக்கு வெண்திட்டுகள் வரும். அப்படி வருபவர்களிடம் மருந்து நன்றாக வேலை செய்வதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

அதே சமயம், கீமோவால் கருப்பதற்கும் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதற்கும் பொதுவாக எந்த முடிச்சும் இல்லை. கருக்காதவர் மருந்து ஏறவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நிறமாற்றங்கள்

எல்லாவற்றையும் "கீமோவால்தான்" என்று விட்டுவிடவும் முடியாது. சொட்டு ஏறும்போதே ஊசி இடத்தில் எரிச்சல், வலி, வீக்கம் என்றால் அந்த நொடியே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். டாக்சோரூபிசின் நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே அழித்துவிடும், "முடியட்டும், பிறகு சொல்லலாம்" என்று பொறுத்துக்கொள்ளும் நம் ஊர்ப் பண்பு இங்கே உதவாது. கண் வெள்ளை மஞ்சளானால் ஈரலைப் பார்க்க வேண்டும். காலில் ஊசிமுனை அளவு சிவப்பு, ஊதாப் புள்ளிகள் கூட்டமாக வந்தால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். விரல் நுனி வலியோடு கருநீலமாவது, காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து தோலில் கொப்புளம் எழுவது இரண்டும் அவசரம். ரேகைகளும் ஈறும் கருத்து, கூடவே தலைசுற்றலும் ரத்த அழுத்தக் குறைவும் வந்தால் அட்ரீனல் சுரப்பியைச் சோதிக்கச் சொல்வார்கள்.

பலர் தவறவிடும் இன்னொன்று பி12 குறைபாடு. விரல் மூட்டுகளின் மேல்புறம் கருப்பது அதன் அறிகுறிகளில் ஒன்று. இரைப்பைப் புற்றுக்காக இரைப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு உணவிலிருந்து பி12 சேராது, வாழ்நாள் முழுக்க ஊசியோ மாற்று வழியோ தேவை. அவர்களுக்கே கீமோவும் போகும். கருத்த விரல் மூட்டைப் பார்த்ததும் பழியைக் கீமோ மேல் போட்டுவிடுவது எளிது. ஒரு ரத்தப் பரிசோதனை போதும், பி12 குறைவு என்றால் அதைச் சரிசெய்ததும் நிறம் திரும்பும்.

கரண்ட் வைத்த இடம், அதாவது கதிர்வீச்சு கொடுத்த இடம், கருப்பது தனிக் கதை. ஆனால் கரண்ட் முடிந்து ஆறிப்போன இடம், பிறகு கீமோ தொடங்கும்போது அதே எல்லைக்குள் மறுபடி சிவந்தோ கருத்தோ எரிவதுண்டு. 1959-லேயே ஆக்டினோமைசின் மருந்தில் இதைக் கவனித்திருக்கிறார்கள். தோல் பழைய அடியை நினைவு வைத்திருக்கிறது என்றே மருத்துவர்கள் இதை விளக்குவார்கள். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது

வெயில்தான் முதல் எதிரி. ஃப்ளூரோயுராசில், கேப்சைட்டபின், மெத்தோட்ரெக்சேட், டகார்பசின் ஆகியவை தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைக்கும். குடையும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் எந்த விலையுயர்ந்த க்ரீமுக்கும் குறைந்தவை அல்ல. சன்ஸ்கிரீன் வாங்குவதானால், கருத்த தோலுக்கு அயர்ன் ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள வகை பொருத்தம், ஏனெனில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலைக் கருக்கவைக்கும். உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் யூரியா 10% கலந்த க்ரீம் நல்லது. கொதிக்கும் வெந்நீர், இறுக்கமான செருப்பு, துணியை அடித்துத் துவைப்பது எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம்.

கருப்பு போகட்டும் என்று பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ப்பதும் எலுமிச்சைத் தோலைத் தடவுவதும் நிலைமையை மோசமாக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டாலே தனியாகக் கருக்கும். மருந்துக்கடை க்ரீம் இதைவிடப் பெரிய கவலை. ஸ்டீராய்டும், தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுயினோனும் கலந்த க்ரீமைத் தானாக வாங்கித் தடவினால் முதலில் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, தொற்று வந்து, நீண்டகாலத்தில் நீலக்கருமையாகவே நிலைத்துவிடும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது, ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம்கள் அதனினும் கொடியவை. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் இப்படிப்பட்ட க்ரீம் தடவியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது செய்தியானது. கீமோவில் இருப்பவரின் சிறுநீரகம் ஏற்கனவே உழைத்துக் களைத்துக்கொண்டிருக்கிறது.

மாத்திரையை நிறுத்துவது, அளவைக் குறைப்பது இரண்டும் மருத்துவரின் முடிவாகவே இருக்கட்டும். வலி இல்லாத கருமைக்காக மருந்தை நிறுத்தத் தேவை வருவதில்லை. வலி, வெடிப்பு, கொப்புளம் வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள், சில நாள் இடைவெளியும் கொஞ்சம் அளவுக் குறைப்பும் பெரும்பாலும் போதும். ஒவ்வொரு ஊசிக்கும் முன் உள்ளங்கை, நகம், முகம் ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு பரவியது என்று வாயால் விளக்குவதைவிட அது மருத்துவருக்கு உதவும். கீமோவுக்குக் கையெழுத்து வாங்கும்போது முடி கொட்டும், வாந்தி வரும் என்று சொல்பவர்கள், இந்த மருந்தில் இன்ன இடம் கருக்கும் என்று அரை நிமிடம் கூடுதலாகச் சொன்னால், பயத்தால் விட்டுப்போகும் மாத்திரைகள் குறையும். சொல்லவில்லையா, நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கருமை போக எவ்வளவு நாள் ஆகும்? மேலடுக்கில் தங்கிய மெலனின், தோல் உதிர்ந்து புதுப்பிக்கும்போது கூடவே போய்விடும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் உள்ளங்கையும் முகமும் தெளியத் தொடங்கி, பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். கைநகம் முழுசாக மாற ஆறு மாதம் ஆகும். கால் கட்டைவிரல் நகம் மெதுவாக வளர்வது, ஒன்று, ஒன்றரை வருடம்கூட எடுக்கும். மெலனின் தோலின் கீழடுக்குக்கு இறங்கிவிட்டால் நிறம் பழுப்பாக இல்லாமல் சாம்பல் நீலமாகத் தெரியும், அது வருடக்கணக்கில் நிற்கும். மேலே தடவும் க்ரீம் அந்த ஆழத்துக்கு எட்டுவதே கடினம். பிளியோமைசின் கோடுகள் சிலருக்கு முழுசாக மறையாமல் மங்கலாகத் தங்கிவிடுவதும் உண்டு. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்தும் நிறம் உறுத்திக்கொண்டிருந்தால், புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். போட்ட மருந்துகளின் பட்டியலையும் எடுத்து வைத்த படங்களையும் கொண்டுபோனால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.